திருஷ்டிச் சட்டிக்குள் ஓர் ஆன்டெனா

பிள்ளைகளே, நீங்கள் அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. மூன்று சாஃப்ட்வேர், நாற்பத்தொரு வரிசை, பச்சை டிக்குகள், சிவப்புப் பெருக்கல் குறிகள். அடியில் ஒரு குறிப்பு: “அக்கா, ஆன்டெனா வடிவமைக்க மூன்றில் எதை வாங்கலாம்? ஒரு வரியில் சொன்னால் போதும்.”

ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் இருபத்து நான்கு வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன். போன வருடம், ஐம்பத்திரண்டு வயதில், உட்கார்ந்தே இருக்க முடியாமல், நாற்காலியின் மேல் கோபப்பட்டு வேலையை விட்டவள் நான். என் கால்கள் அப்படி. பதில் சொல்லவும் நடந்துதான் ஆகவேண்டும். கொல்லிமலை வரை வாருங்கள், அங்கே ஒரு மண்சட்டி இருக்கிறது. உங்கள் நாற்பத்தொரு வரிசையிலும் அது இல்லை.

நாலு வருடத்துக்கு முந்தைய கதை. வளப்பூர் நாட்டுப் பக்கம் ஓர் ஓடை. மழைக்காலம் அல்லாத நாளில் அது கணுக்காலைக் கூட நனைக்காது. மேலே மழை பெய்தால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் இடுப்பளவு வந்து நிற்கும். பஸ் ஏற வேண்டியவர்கள் அதைக் கல் கல்லாகத் தாண்டித்தான் போகவேண்டும். அதற்கு ஓர் எச்சரிக்கை செய்யச் சொல்லி எங்கள் சின்ன கம்பெனியிடம் வந்தார்கள். மேலே ஒரு கம்பம், அதில் நீர்மட்டம் பார்க்கும் கருவி, உச்சியில் ஒரு சாணுக்கும் குறைவான ஆன்டெனா. இரண்டு கிலோமீட்டர் கீழே, ஓடையைத் தாண்டும் இடத்தில், ஒரு சைரன். மேலே தண்ணீர் ஏறினால் கீழே ஊளையிடும். அவ்வளவுதான். ஆடி மாதம் மாட்டினோம். வெயிலில் பிரமாதமாக வேலை செய்தது.

புரட்டாசியில் முதல் மழை வந்தது. சைரன் வாயே திறக்கவில்லை.

அன்று காலை ஓடையின் நடுக்கல்லில் நின்றிருந்தவள் செல்வி. சேந்தமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். ஏழே காலுக்கு பஸ். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஓட, ஒரு வேர் கைக்குக் கிடைத்தது. ஒரு செருப்பும் சாப்பாட்டுப் பையும் போயின. அவள் போகவில்லை. எங்கள் அலுவலகத்தில் பதிவைத் திறந்து பார்த்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேல் கம்பம் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும். மழை தொடங்கியதும் அது ஊமை. மழை விட்டு, வெயில் வந்து, ஒருநாள் காய்ந்த பிறகு மறுபடி பேச்சு. மழைக்காக வைத்த கருவி, மழையில் மட்டும் செத்துப்போகிறது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

அதே சமயத்தில்தான் எங்களிடம் இரண்டு சாஃப்ட்வேர்கள் சோதனை லைசென்ஸில் வந்திருந்தன. ஒன்றைத்தான் வாங்கமுடியும். நாங்கள் வைத்த பெயர் குதிரை, எருமை. குதிரை உலோகத்தின் மேல்தோலை மட்டும் துண்டு துண்டாக்கிக் கணக்குப் போடும். சுற்றியிருக்கும் காற்றைத் தொடாது. அதனால் பாய்ச்சல். டீ ஆறுவதற்குள் வண்ணப்படம் தயார். எருமை அப்படி இல்லை. ஆன்டெனா, அதைச் சுற்றிய காற்று, பெட்டி, பெட்டியின் மூடி, மூடியின் தடிமன் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக அசைபோடும். காலையில் தீனி வைத்தால் சாயங்காலம் பதில். கணினியின் நினைவகம் முழுக்கப் படுத்துக்கொள்ளும்.

மேலாளருக்குக் குதிரை பிடித்திருந்தது. “எருமை மேல மழை பெஞ்ச மாதிரி அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. வாங்கவா அதை?” என்பார். எனக்கும் குதிரைதான் பிடித்தது. மறைப்பானேன்.

சரி, மழையில் ஏன் சாகிறது? மழைத்துளி இந்த அலையை ஒன்றும் செய்யாது. அலையின் நீளம் முக்கால் முழம். துளி அதற்குத் தூசி. அப்படியென்றால் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று நனைகிறது. ரஃபிக் பாய்க்கு போன் போட்டேன். சேந்தமங்கலத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர், கம்பத்தை நட்டவர் அவர்தான்.

“பாய், கம்பத்தைச் சுத்தி என்ன இருக்கு?”

“காடுதானுங்க மேடம்.”

“அடர்த்தியா?”

“இந்த வருசம் நல்ல அடர்த்திங்க. போன வருசந்தான் கொஞ்சம் சோடை.”

“கிளை ஏதும் ஆன்டெனாவைத் தொடுதா?”

“கிளையா? தொடலீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

போதுமே. நனைந்த காடு, நனைந்த இலை, சிக்னல் தேய்கிறது. குதிரையில் காட்டுக்கென்று ஓர் ஆயத்த அமைப்பு உண்டு. மரத்தின் உயரம், இலையின் ஈரம் கொடுத்தால் எவ்வளவு தேயும் என்று சொல்லிவிடும். ஐந்து நாள் உட்கார்ந்து காடு வளர்த்தேன். அடிமரம் வைத்தேன், மேல் விதானம் வைத்தேன், மழையில் நனைத்தேன். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் படங்கள் வந்தன; வடிவமைப்பாளராக நான் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. பதிலும் தெளிவு: ஆன்டெனாவைப் பன்னிரண்டு அடி உயர்த்து, மரத்தலைக்கு மேலே கொண்டுபோ. மேலாளர் கைகுலுக்கினார். நாமக்கல்லில் இரும்புக் குழாய் சொல்லியாயிற்று. குதிரைக்குக் கிட்டத்தட்ட மாலை விழுந்தாயிற்று.

கையெழுத்துக்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அறிவினால் அல்ல. சொன்னேனே, என் கால்கள் அப்படி.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் ரஃபிக் பாயின் வேன். உள்ளே நான், கூரை மேல் குழாய். எழுபது கொண்டை ஊசி வளைவு. நம் தொழிலிலும் கொண்டை ஊசி என்ற பெயரில் வளைத்த ஒரு கம்பி உண்டு; அதன் பெயர்க்காரணம் இருபதாவது வளைவில் வயிற்றுக்குப் புரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் குழாயின் வால் பள்ளத்தின் மேல் ஒரு அரைவட்டம் போட்டது. எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏனுங்க பாய், மலைய அளக்கப் போறீங்களா?” என்றார்.

“இல்லீங்க, ஒசத்தப் போறோம்,” என்றார் பாய்.

மேலே வண்டியை நிறுத்தி, ஒரு பலா மரத்தைத் தாண்டி, சரிவில் இறங்கினோம். மரங்கள் அத்தோடு சரி. கண்ணுக்கு எட்டிய வரை இடுப்புயர மரவள்ளி. நடுவே எங்கள் கம்பம்.

“காடு எங்க பாய்?”

“இதுதானுங்க.”

“இது வயல்.”

“வயலுன்னா தண்ணி நிக்கோணுமுங்க. இது காடு. மரவள்ளிக் காடு.”

“அப்ப மரமா நிக்கிறது?”

“அது பாரஸ்ட்டுங்க மேடம்,” என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

நான் காவிரிப் பாசனத்தில் பிறந்தவள். எனக்குக் காடு என்றால் புலி உட்கார்ந்திருக்கும் இடம். இவர்களுக்குக் காடு என்றால் களை எடுக்கும் இடம். ஐந்து நாள் நான் நட்ட மரங்கள் எல்லாம், ஒரு வார்த்தையிலிருந்து முளைத்தவை. குதிரை பொய் சொல்லவில்லை. நான் கேட்ட காட்டுக்கு அது சரியான பதிலைத்தான் சொன்னது.

அதன் பிறகுதான் கம்பத்தின் உச்சியைப் பார்த்தேன். ஆன்டெனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகம். கவிழ்த்த மண்சட்டி. கரி பூசி, சுண்ணாம்பில் புள்ளி வைத்து, இரண்டு முட்டைக்கண், ஒரு முறுக்கு மீசை. உள்ளே, அந்த மீசைக்குப் பின்னால், எங்கள் ஆன்டெனா.

“பாய், ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க.”

“ஒண்ணுமில்லைதானுங்க. திருஷ்டிச் சட்டி. அது இல்லாத காடு எங்கீங்க இருக்குது?”

களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். நல்லம்மா. காட்டுக்காரர். ஐம்பத்தைந்து இருக்கும். களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கம்பெனி மேடமுங்க,” என்றார் பாய். “சட்டி எடஞ்சலா இருக்குதாம்.”

“எடஞ்சலா? நாந்தானே அதை வெச்சேன், கண்ணு. போற வாறவன் எல்லாம் இந்தக் கம்பத்தையே மொறைச்சுப் பாக்கறான். காட்டுக்குன்னு தனியா ஒரு கம்பு நட்டிருந்தேன். ஒரு காட்டுக்கு எதுக்கு ரெண்டு கம்புன்னு அதைப் புடுங்கிட்டு, சட்டியை இதுல கவுத்துட்டேன்.”

“அம்மா, இதை எடுத்துட்டா சைரன் சரியாயிடும்.”

“எடுத்துட்டா இதுக்குக் கண்ணு பட்ரும் சாமி,” என்றார் அமைதியாக. “எம் புள்ள செல்வி தெனம் ஓடை தாண்டுது. அதைக் காக்கற கம்பு இது. இதை யாரு காக்கறது?”

செல்வி அவர் மகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கையடக்க அனலைசர் கொண்டுபோயிருந்தேன். அதன் திரையில் ஒரு கோடு ஓடும். எந்த அலைவரிசையில் ஆன்டெனா நன்றாகப் பேசுமோ அங்கே கோடு பள்ளமாக விழும். சட்டி இல்லாமல் பார்த்தோம். பள்ளம் சரியான இடத்தில். காய்ந்த சட்டியைக் கவிழ்த்தோம். பள்ளம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. அப்போதும் தொட்டும் தொடாமலும் வேலை நடக்கும். பிறகு பாய் ஒரு குடம் ஓடைத்தண்ணீரைச் சட்டியின் மேல் ஊற்றினார். மண் குடித்தது. நாங்கள் மூன்று பேரும் சின்னத் திரைக்குள் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். பள்ளம் இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம், ஒரு பூரான் போல நழுவிப் போயே போய்விட்டது.

“ரேடியோவுல ஆவற மாதிரி ஸ்டேஷன் நகர்ந்துருச்சுங்க,” என்றார் பாய்.

இதைவிட நல்ல விளக்கத்தை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

மேலாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் சிரித்துத் தீர்த்துவிட்டு, “எடுக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திடு. கதை முடிஞ்சது,” என்றார். இங்கேதான் நில்லுங்கள் பிள்ளைகளே. இந்த இடத்துக்காகத்தான் உங்களை மலையேற்றினேன். கடிதம் கொடுத்தால் நல்லம்மா எடுத்துவிடுவார், என் முகத்துக்காக. நான் காரவள்ளி இறங்குவதற்குள் சட்டி பழைய இடத்துக்குப் போய்விடும், செல்விக்காக. மழை கொட்டும் காலையில் கம்பத்து உச்சியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? சட்டி இருக்காது என்று நம்பி வடிவமைப்பது, காட்டில் மரம் இருக்கும் என்று நம்பி வடிவமைத்ததைவிட எந்த வகையில் மேல்?

“அம்மா, சட்டி இருந்தாலும் பேசுற மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டுவாரேன். அதுவரைக்கும் சட்டியைப் பக்கத்துல ஒரு கம்பத்துல வைக்கலாமா?”

நல்லம்மா யோசித்தார். “இதை விட ஒசரமா இருக்கோணும்.”

பாய் திரும்பி வேன் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டு அடிக் குழாய். ஆன்டெனாவிலிருந்து இருபது தப்படி தள்ளி அதை நட்டு, உச்சியில் மீசைக்காரரை ஏற்றினோம். குதிரை சொன்ன உயரம் கடைசியில் சட்டிக்குப் போயிற்று.

“அமாவாசை வரைக்குந்தான்,” என்றார் நல்லம்மா. “அன்னைக்கு திருஷ்டி கழிச்சு சட்டி இங்கதான் ஏறும். அதுக்கு மேல நான் பொறுக்கமாட்டேன், சொல்லிப்போட்டேன்.”

அமாவாசைக்குப் பதினோரு நாள். சோதனை லைசென்ஸ் முடிய ஐந்து நாள். கையில் ஒரு உடைந்த சட்டியின் நாலு ஓடுகள், செய்தித்தாளில் சுற்றியது. நல்லம்மா கொடுத்தது.

என் முதல் மேலதிகாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் கணினியில் கணக்கை ஓட்டப் போனாலும் முன்னால் ஒரு பென்சிலை நீட்டுவார். “விடை எவ்வளவு வரும்னு நீ முதல்ல எழுது. அப்புறம் அதைக் கேளு.” தப்பாக எழுதினால் திட்டமாட்டார். எழுதாமல் ஓட்டினால் அன்று முழுக்கப் பேசமாட்டார். நான் அந்த ஐந்து நாளில் பென்சிலை எடுத்தேன். ஓடுகளை ஊறவைத்து, ஈரமண் அலையை எவ்வளவு இழுக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்தோம். மலையில் அனலைசர் வரைந்த மூன்று கோடுகளும் ஏற்கெனவே கையில் இருந்தன: வெறும் ஆன்டெனா, காய்ந்த சட்டி, ஈரச் சட்டி. விடை தெரிந்த வினாத்தாள். இரண்டு சாஃப்ட்வேருக்கும் அதையே கொடுத்தேன், விடையை மறைத்து.

குதிரை சட்டியைப் பார்த்து மிரண்டது. எங்களிடம் இருந்த பதிப்புக்கு உலோகம் தெரியும், காற்று தெரியும், மண் தெரியாது. சட்டியை விட்டுவிட்டு ஓட்டினால் எல்லாம் சுகம் என்றது. சட்டியை இரும்பு என்று சொல்லி ஓட்டினால் ஆன்டெனா இறந்துவிட்டது என்றது. நல்லம்மாவின் சட்டி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நனைந்துகொண்டிருந்தது.

எருமைக்குக் காலையில் சட்டி வைத்தேன். வளைவு, விளிம்பு, தடிமன், மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் எல்லாம். பகல் முழுக்க மென்றது. சாயங்காலம் கோடு வந்தது. மலையில் வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஈரச் சட்டியின் பள்ளம் நழுவிய அதே இடம், வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மயிரிழை. எருமை மேல் மழை பெய்த மாதிரி என்று நாம் யாரை யாரையோ திட்டுகிறோம். எங்கள் எருமைக்கு மழை உறைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்து எருமைக்கு விழுந்தது. மேலாளர் கேட்ட ஒரே கேள்வி: “ஒரு சட்டிக்காகவா?” ஆமாம் என்றேன். உடனே ‘எருமைதான் உசத்தி’ என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வருடம் ஒரு பெரிய கோபுரத்து வேலை வந்தது. ஆள் உயரத் தட்டு ஆன்டெனாக்கள், சுற்றிலும் வெறும் வானம். எருமை அதை நாள்கணக்கில் மென்று கடைசியில் துப்பிவிட்டது. குதிரையை வாடகைக்குக் கொண்டுவந்து முடித்தோம். உங்கள் அட்டவணையில் வேகம் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, வண்ணம்கூட இருக்கிறது. உங்கள் ஆன்டெனாவைச் சுற்றி ஒரு முழத்துக்குள் என்ன இருக்கும், யார் அங்கே எதை வைப்பார்கள், எதற்காக வைப்பார்கள் என்று ஒரு வரிசை இல்லை. அதை முதலில் எழுதுங்கள். மிச்ச நாற்பத்தொன்றும் தானாகக் குறையும். எழுதத் தெரியாவிட்டால் பஸ் ஏறுங்கள். போனில் மட்டும் கேட்காதீர்கள், காடு என்பார்கள்.

புதிய ஆன்டெனா அழகி இல்லை. பழையது மெலிந்த கம்பி, ஒரே இடத்தில் ஆழமான பள்ளம், கிணறு மாதிரி. புதியது தடித்த கூம்பு. பள்ளம் ஆழமில்லை, ஏரி மாதிரி அகலம். வெறுமனே நின்றாலும், காய்ந்த சட்டிக்குள் இருந்தாலும், ஊறிய சட்டிக்குள் இருந்தாலும் நம் அலைவரிசை அந்த ஏரிக்குள்தான் கிடக்கும். அமாவாசைக்கு முதல்நாள் கொண்டுபோய் மாட்டினோம். நல்லம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“தடியா இருக்குதே. இனிப் பெரிய சட்டியாப் பாத்து வாங்கோணும்.”

அமாவாசையன்று சட்டி ஏறியது. பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு குடம் ஊற்றினேன். கீழே சைரன் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அலுவலகத்துப் பதிவில் மட்டும் ‘உயிரோடு இருக்கிறேன்’ வந்துகொண்டே இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் குடம் வேறு, ஐப்பசி வேறு. பாயை அனுப்பிவிட்டு நான் மூன்று நாள் அங்கேயே தங்கினேன், நல்லம்மா வீட்டில்.

மூன்றாம் நாள் காலை. ஓடைக்கரையில் வெயில். மேலே மலைமுகட்டில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு துணி தொங்கியது. செல்வி புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் கல்லில் கால் வைத்தாள். அக்கரையில் பஸ் வந்து நின்றுவிட்டது, ஏழு பதினான்கு. ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே, கூழாங்கல் எண்ணலாம்.

சைரன் ஊளையிட்டது.

செல்வி நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பஸ்ஸைப் பார்த்தாள். டிரைவர் ஹார்ன் அடித்தார். எட்டே எட்டுக் கல். கரையில் நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எதைச் சோதித்தோம்? அவள் காலை எடுத்தாள், பின்னால் வைத்தாள். கரைக்கு வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

அக்கரையில் பஸ் புகை விட்டுக் கிளம்பி, வளைவில் மறைந்தது. அது மறைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் வந்தது. பழுப்பாக, நுரையும் சருகுமாக, அந்த எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு.

செல்வி டிபன் பாக்ஸைத் திறந்து, காலையிலேயே மத்தியானச் சோற்றை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றபடியே சைரனை முறைத்தாள்.

“இந்தக் கருமம் இன்னைக்குன்னு பாத்து வேலை செய்யுதுங்க,” என்றாள்.